மூத்த மருமகளின் முழங்கால்

என் மாமியாருக்கு இரண்டு மருமகள்கள். இளையவள் நான். மூத்தவள் எனக்குப் பன்னிரண்டு வருஷம் முந்தி, 1966-ல், இந்த வீட்டில் காலடி வைத்தவள். உடம்பு முழுதும் ஆகாச நீலம். தலை மட்டும் வெள்ளை. பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. "உன் மாமனார் காலையில் எழுந்ததும் அவள் முகத்தில்தான் விழிப்பார்" என்று மாமியார் சொல்வார். சொல்லும்போது சிரிப்பார் என்றாலும், அந்தச் சிரிப்புக்குள் கொஞ்சம் புகைச்சலும் இருக்கும்.

ஹெரால்டு என்றால் இந்தக் காலத்துப் பெண்களுக்கு என்னவென்று தெரியாமல் இருக்கலாம். 1959-ல் இங்கிலாந்தில் டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் பிறந்த கார் அது. உருவம் வரைந்து கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். இரண்டு வருஷம் கழித்து நம் சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூர் அருகே இருந்த தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக மறுபிறவி எடுத்தது. 948 சி.சி. எஞ்சின், இன்றைய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் இதைவிடப் பெரிய எஞ்சின் இருக்கிறதாம்! எஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு விளக்கு எல்லாம் சேர்த்து, அப்படியே முன்னால் சாயும். டயர் மேலேயே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். மாமனார் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். காபி அங்கேயே போக வேண்டும்.

அவளுடைய பெரிய சாமர்த்தியம் ஒன்று உண்டு. சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடுவாள். எங்கள் சைதாப்பேட்டைச் சந்தில் மற்றக் கார்கள் முன்னும் பின்னும் நாலு தரம் போய் வந்து மூச்சு வாங்கும்போது, இவள் பரதநாட்டியக்காரி மாதிரி ஒரே சுழற்சியில் திரும்பி நிற்பாள். முன் சக்கரங்கள் அவ்வளவு தூரம் ஒடிந்து திரும்பும். அந்தச் சக்கரங்கள் எதைப் பற்றிக்கொண்டு திரும்புகின்றன என்று எனக்குத் தெரியவந்தது 2019-ஆம் வருஷம்தான்.

நானும் ஓட்டுவேன். மாமனாரே கற்றுக் கொடுத்தார். ஆகவே, அந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒரு நாள் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஸ்டியரிங் கனப்பதை என் கைதான் முதலில் கண்டுபிடித்தது. சந்துக்குள் வளைத்தேன். வளைந்தது. விட்டால் தானே நேராக வர வேண்டிய சக்கரம் வரவில்லை. பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கீழே எங்கோ, பழைய கதவு திறக்கிற மாதிரி 'கிரீச்' என்று ஒரு சத்தம்.

இவரிடம் சொன்னேன். "வயசாகிறதோ இல்லையோ, அதுக்கும் உனக்கும்?" என்றார்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் ஏப்ரல் மாதக் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து எங்கள் பெண், பேரன் பேத்தியோடு வருகிறாள். பரீட்சை முடிந்து வரும் அந்த இரண்டு குழந்தைகளுக்கும் பெசன்ட் நகர் கடற்கரை ஒரு பொருட்டல்ல. தாத்தாவின் நீல வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடற்கரைக்குப் போவதுதான் விசேஷம். அந்த இரண்டு தலைகளையும் நினைத்துக்கொண்டேன். "குழந்தைகள் வருவதற்குள் யாராவது தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்" என்று பிடிவாதமாக நின்றுவிட்டேன்.

புதுப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பழைய கார்களுக்கும் உதிரி சாமான்களுக்கும் புதுப்பேட்டை எப்படிப்பட்ட இடம் என்று சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவர் பையனாக இருந்த காலம் முதல் ஹெரால்டுகளின் அடியில் படுத்தே தலை நரைத்தவர். எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். வந்ததும் எஞ்சின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னால் ஜாக்கி வைத்துத் தூக்கினார். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது என்று இரண்டு இரும்புத் தாங்கிகளையும் அடியில் கொடுத்தார். பிறகு சக்கரத்தை உச்சியில் ஒரு கையாலும் அடியில் ஒரு கையாலும் பிடித்து ஆட்டினார். 'கடக் கடக்' என்றது.

"வயசுக் கோளாறு இல்லீங்கம்மா. கீழ் மரை போயிடுச்சு" என்றார்.

"மரை கழன்ற ஆள் இந்த வீட்டில் ஒருத்தர் உண்டு என்று அம்மா எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பாள். யாரைச் சொன்னாள் என்பது இன்றைக்குத் தெரிந்தது" என்றார் இவர். பாய் சிரிக்கவில்லை. சாக்பீஸ் கேட்டு வாங்கி, சிமெண்டுத் தரையில் படம் போட்டுக் காட்டினார்.

அவர் காட்டியதை உங்களுக்கு என் பாஷையில் சொல்கிறேன். ஹெரால்டின் முன் சக்கரம் ஒவ்வொன்றையும் ஓர் எஃகுக் கால் தாங்கி நிற்கிறது. லிங்க் என்கிறார்கள். அதன் மேல்முனையில் நம் தோள் மூட்டு மாதிரி ஒரு பந்து மூட்டு. கீழ்முனையில் மூட்டு கிடையாது, மரைதான். நம் தோட்டுத் திருகாணியைப் போல, ஆனால் கட்டை விரலைவிடப் பருமனாக மரை வெட்டியிருக்கிறார்கள். அது வெண்கலத்தில் செய்த ஒரு குமிழுக்குள் திருகி உட்காருகிறது. அந்தக் குமிழுக்கு டிரன்னியன் என்று பெயர். நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தக் கால் டிரன்னியனுக்குள் சுற்றுகிறது. சுற்றும்போது நூலிழை மேலே ஏறுகிறது, அல்லது இறங்குகிறது. வலப்பக்கத்துக்கு ஒரு மாதிரியும் இடப்பக்கத்துக்கு எதிர் மாதிரியும் மரை. ஒன்றை மற்றொன்றில் மாற்றி மாட்ட முடியாது.

திருகாணி தாங்குவது ஒரு தோட்டை. இந்த மரை தாங்குவது வண்டியின் முன்பாரத்தை. திருகு வைத்த பித்தளை முறுக்கு அச்சு இருக்கிறதல்லவா? மாவு கெட்டியாகிவிட்டால் திருகும்போது கை நரம்பு புடைக்கும். அந்தப் பளு முழுவதையும் தாங்குவது அந்தச் சுற்று மரைதான். அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் மேட்டிலும் ஹெரால்டின் மரையில் அப்படி ஒரு அழுத்தம் விழுகிறது. போதாததற்கு அது திரும்பிக்கொண்டும் இருக்க வேண்டும்.

"மரை முழுசாப் போனா என்ன ஆகும், பாய்?" என்று கேட்டேன்.

அவர் சொற்களை வீணாக்குகிறவர் அல்ல. உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினார்; பிறகு சடக்கென்று பக்கவாட்டில் மடித்தார். "சக்கரம் வண்டிக்கு அடியில படுத்துடும்."

மெதுவாக ஒடித்துத் திருப்பும்போது முறிவதுதான் வழக்கமாம். வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்ட ஹெரால்டுகளை அவரே பார்த்திருக்கிறார். ஆனால் அது எங்கே முறிய வேண்டும் என்று யாரும் அதற்கு உத்தரவு போட்டிருக்கவில்லையே. அடையாறு பாலத்தின் மேல், பின்னால் பேருந்து வரும்போது முறிந்தால்? இவர் அதற்கு அப்புறம் வேடிக்கை பேசவில்லை.

இனி, இப்படி ஆனதற்குக் காரணம். இங்கேதான் என் மாமனாரை நினைத்துக் கண் கலங்கினேன். டிரன்னியனுக்கு வேண்டியது கிரீஸ் அல்ல, எண்ணெய். கியர் பெட்டிக்கு ஊற்றுகிற 90 நம்பர் கெட்டி எண்ணெய். அடியில் ஒரு சிறு மூடி இருக்கிறது. அதைக் கழற்றி, நிப்பிள் மாட்டி, மரைக்கு மேலே எண்ணெய் கசிந்து வரும்வரை கீழிருந்து ஏற்ற வேண்டும். கிரீஸை ஏற்றினால் அது அடியிலேயே தங்கிவிடும். மேல் மரைகளுக்குப் போய்ச் சேராது. நாளாக ஆக மெழுகு மாதிரி இறுகிப் பாதையையும் அடைத்துவிடும். மேலே இருக்கும் எஃகு மரை காய்ந்து, அதில் ஈரம் பட்டுத் துருப் பிடிக்கும். துரு என்பது அரம் மாதிரி. வெண்கலமோ மெத்தென்ற உலோகம். அப்புறம் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அரத்தால் ராவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மாமனார் 2003-ல் காலமானார். அவருடைய நீல அட்டை நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. அன்று இரவு எடுத்துப் பார்த்தேன். அழகான கையெழுத்தில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தவறாமல் ஒரே வரி: 'முன் கீழ் மரை. எண்ணெய் மட்டும். கிரீஸ் கூடாது.' கடைசி இரண்டு சொற்களுக்கு அடியில் சிவப்புக் கோடு.

2015 டிசம்பர் வெள்ளத்தை யார் மறந்திருக்க முடியும்? எங்கள் தெருவில் அடையாற்றுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. மூத்தவள் சக்கரத்தின் நடுமட்டம் வரை தண்ணீரில் நின்றாள். தண்ணீர் வடிந்த பிறகு ஒரு பட்டறையில் விட்டுச் சுத்தம் செய்தோம். பார்வைக்குப் புதுசு மாதிரி பளபளவென்று திரும்பி வந்தாள். எங்கே எண்ணெய் விட வேண்டுமோ அங்கே அந்தப் பட்டறையில் தாராளமாகக் கிரீஸை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கிரீஸே காவல் காத்திருக்கிறது. மூன்று வருஷம்!

மறுநாள் பாய் எல்லாவற்றையும் கழற்றினார். நானும் முக்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சமையலா? அன்றைக்கு ரசமும் அப்பளமும்தான். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தபோது, கெட்டுப்போன மரை ஒன்றல்ல, மூன்று என்று தெரிந்தது. மூன்றுக்கும் அவர் மூன்று விதமாக வைத்தியம் பார்த்தார்.

முதலாவது, சக்கரம் சுழலும் அச்சின் முனையில் இருந்த மரை. கிரீடம் வைத்த மாதிரி ஒரு நட் அங்கே உட்காரும். எந்தக் காலத்திலோ யாரோ நட்டைக் கழற்றிவிட்டு அச்சின் தலையில் சுத்தியலால் நேரே போட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று மரைகள் நசுங்கி, பல் சாய்ந்து கிடந்தன. உள்ளே இருந்த மரைகளோ புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. இரண்டு பாதியாகப் பிரிகிற ஒரு டையை எடுத்து அந்த நல்ல மரையின் மேல் கவ்வவைத்தார். எண்ணெய் விட்டு, உள்ளேயிருந்து வெளியே மெதுவாகத் திருகிக்கொண்டு வந்தார். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. மறுபடி அரைச் சுற்று. "நல்ல மரையிலேருந்து கெட்ட மரைக்கு வரணும்மா. கெட்டதுலேருந்து ஆரம்பிச்சா அது தப்பு வழியைக் காட்டிடும்" என்றார். சாய்ந்திருந்த பற்கள் நிமிர்ந்துகொண்டன. மிச்சத்தை மரை அரத்தால் இரண்டு இழுப்பு. நட்டை விரலால் திருகினார்; வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போயிற்று. சுத்தியல் தொட வேண்டிய இடமானால் ஒரு பழைய நட்டைத் தலை மட்டத்துக்குத் திருகிவிட்டு அதன் மேல்தான் தட்ட வேண்டுமாம். நட் போனால் பத்து ரூபாய், அச்சு போனால்?

இரண்டாவது, சட்டத்தில் மரை போட்டிருந்த ஒரு சிறு துளை. இதில் ஒரு சரித்திரமே இருக்கிறது. முன்னொரு காலத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒருவர் செய்த நட் இன்னொருவர் போல்ட்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் என்பவர் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்துப் பார்த்து, சராசரி எடுத்து, 1841-ல் மரைப் பல்லுக்கு 55 டிகிரி என்று வகுத்தார். அமெரிக்காக்காரர்கள் 60 டிகிரி என்று வேறு வழியில் போனார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் இரண்டு நாட்டு யந்திரங்களும் ஒரே களத்தில் நின்றபோதுதான், ஒருவர் நட் மற்றவருக்கு உதவாது என்ற சங்கடம் நன்றாக உறைத்தது. 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் கூடி ஒரு பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. ஹெரால்டு அந்த அங்குல மரையில் பிறந்தவள். நம் கடைகளில் இப்போது கிடைப்பதெல்லாம் மில்லிமீட்டர் மரை.

இதில் என்ன விபரீதம் என்றால், 5/16 அங்குல போல்ட்டும் 8 மில்லிமீட்டர் போல்ட்டும் பருமனில் இரட்டைப் பிள்ளைகள். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனால் இந்த அங்குல போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 24 மரை. அந்த மில்லிமீட்டர் போல்ட்டில் சுமார் 20 தான். ஒன்றின் துளையில் மற்றொன்றைப் போட்டால் முதல் இரண்டு சுற்று ஒழுங்காக ஏறும், அப்புறம் முரண்டும். முரண்டுகிறதே என்று நிறுத்தாமல் நீள ஸ்பானரால் இறுக்கியிருக்கிறார் ஒரு பீமசேனர். துளையின் மரை முழுவதும் தூளாகி உதிர்ந்துவிட்டது.

இதற்குப் பாய் செய்த வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. கடையிலிருந்து ஸ்பிரிங் மாதிரி சுருட்டிய சின்னஞ்சிறு எஃகுக் கம்பிச் சுருள் ஒன்று வாங்கி வந்தார். ஹெலிகாயில் என்று பெயராம். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்று உள்ள டேப்பால் புதிதாக மரை வெட்டி, அந்தச் சுருளை உள்ளே திருகி உட்காரவைத்தார். சுருளின் வெளிப்புறம் புது மரையைப் பற்றிக்கொள்கிறது. உள்புறம் பழைய 5/16 அளவிலேயே போல்ட்டை வாங்கிக்கொள்கிறது. கிழிந்த காஜாவுக்கு உள்ளே துணி கொடுத்துத் தைத்து மறுபடி அதே பொத்தானைப் போடுகிறோமே, அதேதான். யுத்த காலத்தில் ஆகாய விமான எஞ்சின்களுக்கே இதைப் பயன்படுத்தினார்களாம். சரியாகச் செய்தால் பழைய மரையைவிடக் கெட்டியாக நிற்கும்.

மூன்றாவதுதான் முழங்கால். டிரன்னியனிலிருந்து வெளியே எடுத்த லிங்கைப் பாய் வெள்ளைத் துணி மேல் வைத்தார். மரையின் முகடுகள் கூர் மழுங்கி, சொத்தைப் பல் மாதிரி குழி குழியாகத் துரு. வெண்கலக் குமிழுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மரை இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

லேத் பட்டறைக்காரர் ஒருவரையும் இவர் வரவழைத்திருந்தார். அவர் லிங்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குப் போய்க் கவலைப்படறீங்களே, சார்? வெல்டிங் வெச்சு நிரப்பிடறேன். லேத்துல போட்டுக் கடைஞ்சு புதுசா மரை வெட்டினா நாளைக்குச் சாயங்காலம் வண்டி ஓடும்" என்றார்.

இவர் முகம் மலர்ந்தது. பணம் மிச்சம் என்பதற்காக அல்ல. அந்த வண்டியில் தன் தகப்பனார் கை படாத பாகம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இவருடைய விரதம். "அப்பா ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எண்ணெய் விட்ட அதே லிங்க். இதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது" என்றார்.

பாய் தலையை ஆட்டினார். மற்ற இரண்டையும் ரிப்பேர் செய்தவரே இதை மட்டும் செய்ய மாட்டேன் என்றார். காரணமும் சொன்னார். லிங்க் வார்ப்பு இரும்பு அல்ல. பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்கிய எஃகு. அதன் பலமெல்லாம் அப்படி அடித்துப் பதப்படுத்தியதில் இருக்கிறது. வெல்டிங் நெருப்புப் பட்டால் அந்தப் பதம் போய்விடும். பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் எஃகு விறைத்து, கண்ணாடி மாதிரி முறியக்கூடியதாகிவிடும். சும்மா பிடித்துக்கொண்டிருக்கும் போல்ட்டில் அது கிடந்துவிட்டுப் போகட்டும். பாரத்தைச் சுமந்துகொண்டு தினமும் ஆயிரம் தரம் அதிர்கிற காலில் கூடாது.

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது, பாய்" என்றார் லேத்காரர்.

"ஆகாதுன்னா சாயம் போட்டுப் பாருங்க" என்றார் பாய்.

அது என்ன என்று எனக்கும் தெரியாது. லேத்காரரே பட்டறையிலிருந்து மூன்று டப்பாக்கள் கொண்டுவந்தார். முதல் டப்பாவால் லிங்கை ஒரு பிசுக்கு இல்லாமல் துடைத்தார். இரண்டாவதில் இருந்த சிவப்புச் சாயத்தை மரை முடிந்து காலின் தண்டு ஆரம்பிக்கும் இடத்தைச் சுற்றிலும் பீய்ச்சினார். கொஞ்ச நேரம் ஊற வேண்டுமாம். எல்லோருக்கும் காபி கொடுத்தேன். பிறகு சாயத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார். லிங்க் பழைய நிறத்துக்கு வந்தது. "பாத்தீங்களா, ஒண்ணுமில்லே" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியைப் பூசினார். திருநீறு பூசிய மாதிரி ஆயிற்று.

ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த வெள்ளையில், மரை முடியும் இடத்தில், மெல்ல ஒரு சிவப்பு தெரிந்தது. ஊசி முனையால் குங்குமத்தைத் தொட்டு இழுத்தது போல ஒரு கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அரை அங்குலத்துக்கு நீண்டது. கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் ஒளிந்திருந்த சாயத்தை வெள்ளைப் பொடி உறிஞ்சி வெளியே இழுக்கிறது என்று பின்னால் விளக்கினார்கள். அப்போது யாரும் பேசவில்லை. லேத்காரர் லிங்கை மெதுவாகத் துணி மேல் வைத்துவிட்டு, "வேண்டாம் சார்" என்றார். அவர் நல்ல மனிதர். தம் கூலியை விட்டுக்கொடுத்துச் சொன்ன வார்த்தை அது.

இவர் இன்னும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "பாய், அந்தக் கோட்டை மட்டும் ராவி எடுத்துவிட்டால்..." என்று ஆரம்பித்தார்.

"ஏங்க, குழந்தைகள் இந்தக் காலின் மேல்தானே உட்காரப் போகிறார்கள்?" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் மாடிக்குப் போய்விட்டார். அரை மணி கழித்து இறங்கி வந்தபோது கையில் மாமனாரின் நோட்டு இருந்தது. புதிய பக்கத்தில் தேதி போட்டு, 'லிங்க் மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும்' என்று எழுதினார்.

எழுதுவது சுலபம். புதுப்பேட்டையில் மூன்று நாள் தேடினோம். ஜெனரல் பாட்டர்ஸ் ரோடில் கடை கடையாக ஏறினோம். கிடைத்த லிங்குகள் எல்லாம் ஏற்கெனவே ஒரு ஜன்மம் ஓடி முடித்தவை. வீட்டிலிருந்து எடுத்துப்போன பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றின் மரையையும் நான் பார்ப்பேன். "இது கத்தரிக்காய் இல்லீங்கம்மா" என்றார் ஒரு கடைக்காரர். சொத்தைக் கத்தரிக்காய் என்றால் குழம்புதான் கெடும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நல்ல வேளையாக, ஹெரால்டின் முன் கால் அவளுக்கு மட்டும் சொந்தமல்ல. ஸ்பிட்ஃபயர் என்ற டிரயம்ப் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே ஜாதிக் கால். 1962-ல் வந்த லோட்டஸ் எலான்கூட டிரயம்ப் வீட்டுக் காலைத்தான் கடன் வாங்கிக்கொண்டது. அந்தக் கார்களை இங்கிலாந்தில் இன்றும் ஆயிரக்கணக்கான பேர் செல்லமாக வளர்ப்பதால், லிங்கும் டிரன்னியனும் அங்கே புதிதாகச் செய்து விற்கிறார்கள். லண்டனில் இருக்கும் என் நாத்தனார் மகன் மார்ச் மாதம் வருவதாக இருந்தான். இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தான். "அத்தை, எல்லாரும் சாக்லெட் கேட்பார்கள். நீங்கள் இரும்பு கேட்கிறீர்கள். விமான நிலையத்தில் இது என்ன என்று கேட்டபோது எங்கள் மாமாவின் மூத்த மருமகளுக்கு முழங்கால் என்று சொல்லத் தெரியாமல் விழித்தேன்" என்றான். விலை? ஒரு நல்ல காஞ்சீபுரம் பட்டின் விலை ஆயிற்று. அந்தத் தீபாவளிக்கு நான் கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

புது லிங்கை மாட்டியபோது பாய் ஸ்பானரைத் தொடவே இல்லை. மரை முழுவதும் எண்ணெய் தடவி, டிரன்னியனுக்குள் விரல்களாலேயே திருகினார். கடைசிவரை ஏறியதும், சக்கரம் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்ப இடம் வேண்டுமே என்று ஏறக்குறைய ஒரு சுற்றுத் திருப்பி விட்டார். புது லிங்கைப் பழைய டிரன்னியனில் போடவும் கூடாது, பழையதைப் புதியதில் போடவும் கூடாது. இரண்டும் ஜோடியாகத்தான் மாற வேண்டும். பிறகு அடிமூடியைக் கழற்றி, மேலே கசியும்வரை எண்ணெய் ஏற்றினார். இந்த வேலையை இவருக்குக் கற்றுக் கொடுத்தார். நானும் கற்றுக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும்.

முதலில் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில், யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஓட்டிப் பார்த்தோம். வலப்பக்கம் முழுதாக ஒடித்து ஒரு வட்டம். இடப்பக்கம் ஒடித்து ஒரு வட்டம். சத்தமில்லை. ஸ்டியரிங்கைத் தளர்த்தினேன், சக்கரம் தானாக நேரே வந்து நின்றது. பாய் மறுபடி ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டினார். ஆடவில்லை. ஐந்நூறு மைல் கழித்து ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதே மாதிரி வந்தும் பார்த்தார்.

பேரனும் பேத்தியும் அந்த மே மாதம் முழுவதும் கடற்கரைக்குப் போனார்கள். ஜன்னலோரம் யாருக்கு என்று தினமும் சண்டை.

விரிசல் விட்ட பழைய லிங்கைக் கடையில் போட இவர் சம்மதிக்கவில்லை. அதைத் துடைத்து, எண்ணெய் தடவி, மேஜை மேல் காகிதங்கள் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறார். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை நோட்டில் ஒரு வரி ஏறுகிறது. ஒரு முறை இவர் கையெழுத்து, மறு முறை என் கையெழுத்து.

ஒரே ஒரு தொல்லை மிஞ்சியது. டிரன்னியனில் எண்ணெய் சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம், அது கொஞ்சம் சொட்டுவதுதானாம். காரை முன்வாசலில் நிறுத்துவதால், விடியற்காலையில் நான் தெளித்துப் பெருக்கும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கறுப்புச் சொட்டு. முதலில் சொட்டாமல் ஏதாவது செய்யுங்கள் என்று இவரிடம் சண்டை போட்டேன். இப்போதெல்லாம் எழுந்ததும் அந்த இரண்டு சொட்டும் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டு, கோலத்தை ஒரு முழம் தள்ளிப் போடுகிறேன்.